ஒரு பெயரும் பல நோயும்

பெயர் ஒன்றாயின் பொருளும் ஒன்றே எனக் கருதுதல் மக்கள் இயல்பு. இலக்கணம் பயில்வார்க்கோ 'பல பொருள் ஒரு சொல்' என்னும் வகை நன்கு தெரிந்ததே. மார்பகப் புற்றுநோய் என்பதும் அத்தகைய சொல்லே என்பதனை அண்மையில் யாம் அறியலானோம். அறிந்ததனை அன்பர் முன் வைக்கின்றோம்.

இரும்புலியூரில் யாம் வாழும் தெருவில் இரு தாய்மார் ஒரே ஆண்டில் இந்நோய்வாய்ப்பட்டனர். ஒருவர் எம் சிற்றன்னையார். மற்றவர் எம் சபையைச் சேர்ந்த ஓர் ஆசிரியையார். வயதும் கட்டியின் அளவும் ஏறத்தாழ ஒத்தனவே. இருவரும் காலந்தாழ்த்தாது சிகிச்சை பெற்றனர். சிற்றன்னையார் இன்று வீட்டுப் பணிகளைத் தாமே செய்கின்றார். ஆசிரியையாரோ மூன்றாம் ஆண்டில் நோய் நுரையீரலிலும் மூளையிலும் பரவ, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அப்பொழுது, "ஜெபத்தில் குறைந்தார்" என்றார் சிலர். "பத்தியம் தவறினார்" என்றார் வேறு சிலர். இப்பழி நெஞ்சை உறுத்தியமையாலேயே யாம் மருத்துவ நூல்களை நாடினோம்.

பால்நாளங்களுக்குள் முளைத்து அவற்றின் சுவரைக் கடவாது நிற்பது ஒருவகை. அந்நிலையிற் கண்டு நீக்கின் நலம் பெறுவார் மிகப் பலர். சுவரைத் துளைத்து வெளிப்படுவனவற்றுள் பத்தில் ஏழெட்டு நாளவகையின. சுரப்பியின் நுண்மடல்வகை மற்றொன்று. அதன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிற் செல்லுதலின் கட்டியாகத் திரளாமலும் இருக்கும். எலும்பையேயன்றி வயிற்றின் உட்சவ்வையும் சூலகத்தையும் பற்றுதலும் உண்டு. கட்டி புலப்படாமலே மார்பு சிவந்து வீங்கி, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலாவது பிறிதொன்று. அஃது அரியது, ஆயின் விரைந்து பரவுவது.

அணுக்களின் இயல்பாலும் வேறுபாடு உண்டு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்களின் ஏற்பிகள் உடையது பெரும்பாலும் மெல்ல வளரும், மாத்திரைகளுக்குக் கட்டுப்படும். ஆயினும் பத்துப் பதினைந்து ஆண்டுகட்குப் பின்னும் எலும்பு முதலியவற்றில் தலைதூக்கலாம். ஹெர்-2 என்னும் புரதம் மிக்கது முன்னாளில் மிகக் கொடியதாக எண்ணப்பட்டது. 1998-இல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து ஒப்புதல் பெற்ற பின்னர் அந்நிலை மாறிற்று. இம்மூன்றும் இல்லாததனை 'டிரிபிள் நெகட்டிவ்' என்பர். முதல் ஐந்தாண்டுகளுக்குள் நுரையீரலிலும் மூளையிலும் பரவும் அச்சம் அதற்கு மிகுதி; அக்காலத்தைக் கடந்தார்க்கோ அவ்வச்சம் பெரிதும் குறையும். கண்டறியும்போது நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.

1889-இல் ஸ்டீபன் பேஜட் என்னும் ஆங்கில மருத்துவர், இந்நோயால் இறந்த 735 பெண்டிரின் குறிப்புக்களை ஆராய்ந்து, நோயணு விதை போன்றது, உறுப்பு நிலம் போன்றது, ஏற்ற நிலத்திலேயே விதை முளைக்கும் என்றார். நம் ஆண்டவர் அருளிய விதைக்கிறவன் உவமையில் விதை ஒன்று, நிலம் பல. இங்கோ விதையும் பலவாம்.

ஆசிரியையாருக்கு வந்தது டிரிபிள் நெகட்டிவ் வகை; சிற்றன்னையாருக்கு வந்தது ஹார்மோன் ஏற்பி உடையது. வேறுபாடு ஜெபத்திலன்று, விதையிலேயாம். சிற்றன்னையார் இன்றும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளுகின்றார். அவர்தம் காவற்காலம் நெடிது. "அவர்கள் என்னைவிட அதிகமாய் ஜெபித்தார்கள்" என்று அவரே கண்கலங்கக் கூறினார்.

நமக்கு அண்மையிலுள்ள அடையாற்றில், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் 1954-இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மறு ஆண்டு அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும்வரை அப்பணியிலேயே நின்றார். நோயைப்பற்றிய அச்சத்தைப் போக்குவதும் அவ்வம்மையார் தொண்டாக இருந்தது.

ஆதலின் அன்பர்காள், எவரேனும் இந்நோயுற்றார் எனக் கேட்பின், "அதே நோயால் இன்னார் இறந்தார்" என்று கூறி நடுங்கச் செய்யற்க, "இன்னார் பிழைத்தார், நீர் ஏன் தேறவில்லை?" என்றும் வினவற்க. எவ்வகை நோய் என்பதனைத் திசு ஆய்வு கூறட்டும். மருந்தை மருத்துவர் வகுக்கட்டும். நாம் செய்யத்தக்கது, மாற்றங் கண்டவரை விரைந்து மருத்துவரிடம் அனுப்புவதும், நோயுற்றார் அருகே பழி கூறாது அமர்ந்திருப்பதுமேயாம்.