சேதுக்கரையிலிருந்து ஈழத்துத் தலங்களுக்கு

பாடல் பெற்ற தலங்களை ஒவ்வொன்றாகத் தரிசித்துவரும் அடியார் பலரது குறிப்பேட்டில் இரண்டு பெயர்கள் எஞ்சியே நிற்கும்: திருக்கேதீச்சரம், திருக்கோணமலை. காசிக்கும் கேதாரத்துக்கும் சென்று வந்தவர்கள்கூட இவ்விரண்டையும் தள்ளிப்போட்டிருப்பார்கள். இத்தனைக்கும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான்.

சம்பந்தப் பெருமானும் சுந்தரரும் அக்கடலைக் கடக்கவில்லை. இராமேஸ்வரத்தில் இருந்தவாறே சம்பந்தர் இரு தலங்களையும், சுந்தரர் திருக்கேதீச்சரத்தையும் பாடியருளினர் என்பது பெரியபுராணம் காட்டும் வரலாறு. நம் பாட்டனார் காலத்தில் பயணம் எளிதாகவே இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், போட் மெயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் மறு ரயில் பிடித்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து சென்ற கப்பலும் 1980-களின் போர்ச்சூழலில் நின்றுபோயிற்று. ஆகவே இன்று சேதுவில் இராமநாதரைத் தொழுதுவிட்டு, விமானத்துக்கோ நாகப்பட்டினத்துக்கோ திரும்ப வேண்டியிருக்கிறது. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது. மழைக்காலத்தில் அது நிற்கும். கடவுச்சீட்டு, நுழைவு அனுமதி ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடலாம்; மாதத்தை மட்டும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்நாடு சிறிதாயினும் மழை இரண்டு. ஐப்பசி தொடங்கி வடக்கும் கிழக்கும் நனையும். வைகாசி முதல் மலைநாடு நனையும். மாசி, பங்குனி மாதங்களே இரண்டுக்கும் ஏற்றவை. மாசி சிவராத்திரியன்று திருக்கேதீச்சரத்தில் பெருங்கூட்டம். முதியோர் ஒரு வாரம் கழித்துச் செல்வதே நலம் என்பது என் கருத்து. அப்போதுதான் பாலாவித் தீர்த்தத்தை ஆறுதலாக எடுத்து, அங்குள்ள மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே அபிஷேகம் செய்யலாம். கருவறையை எட்ட நின்றே வணங்கிப் பழகிய நமக்கு, அந்த ஒரு குடம் நீருக்காகவே போய்வரலாம்.

திருக்கோணமலையில் கோணேசர் கடலுக்கு மேல் செங்குத்தான பாறையில் எழுந்தருளியிருக்கிறார். போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த ஆலயம் அது. அடியார்கள் புதைத்துக் காத்த திருமேனிகள் 1950-இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. மேடு ஏற வேண்டும். வெயிலுக்கு முன் காலையிலேயே சென்றுவிடுங்கள்.

“ஏழு நாளில் பன்னிரண்டு கோயில்” என்று அழைத்துச் செல்வோரை நான் பரிந்துரைக்க மாட்டேன். இவ்விரு தலங்களோடு நல்லூரும் கீரிமலை நகுலேஸ்வரமும் ஒரு யாத்திரைக்குப் போதும். நுவரெலியாவுக்கு அருகே சீதா எலிய அம்மன் கோயில் உயர்ந்த மலைப்பகுதியில் இருக்கிறது. வளைவுப் பாதை, இரவில் கடுங்குளிர். முழங்கால் வலியும் இளைப்பும் உள்ளோர் மருத்துவரைக் கேட்டபின் அதைச் சேர்க்கலாம். கம்பளிச் சட்டையும், மருத்துவர் சீட்டுடன் மாத்திரைகளும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கதிர்காமம் தென்கோடியில் இருப்பதால் அதற்குத் தனியே இரு நாள் ஒதுக்க வேண்டும். மாணிக்க கங்கையில் நீராடிச் சென்றால், கருவறையில் வேலனின் திருவுருவத்தைத் தேடாதீர்கள். அங்கே திரைச்சீலையைத்தான் வணங்குவோம். வாய்கட்டிய கப்புறாளைமார் அதற்குப் பின்னே பூசை செய்வார்கள்.