ஒரு நோட்ஸ் வாத்தியாரின் வாக்குமூலம்

கல்லூரியில் நாடகவியல் தாளை ஆண்டுக்கணக்கில் நடத்தியவன் நான். அதில் சங்கரதாஸ் சுவாமிகளுக்கென்று ஒவ்வொரு வருஷமும் இரண்டு வகுப்பு ஒதுக்குவேன். அந்தக் காலம் முழுக்க அவர் எழுதிய ஒரு நாடகத்தைக்கூட நான் மேடையில் பார்த்ததில்லை. அச்சில் முழுதாகப் படித்ததும் இல்லை. சம்பளத்தை மட்டும் மாதம் தவறாமல் வாங்கினேன்.

வெளிநாட்டு நாடகாசிரியர் என்றால் மன்னித்துவிடலாம். ஷேக்ஸ்பியரை நடத்துகிறவர்கள் எல்லோரும் லண்டன் போய் வந்தவர்களா என்ன? நான் வேலை பார்த்த கல்லூரியோ மதுரைக்குத் தெற்கே இருந்தது. பங்குனி பிறந்துவிட்டால் சுற்றுப்பட்டில் ஏதாவது ஒரு ஊர் அம்மன் கோயில் பொட்டலில் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ போட்டுவிடுவார்கள். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தால் காற்று திரும்பும்போது ஆர்மோனியம் கேட்கும். “தூங்க விடமாட்டானுங்க” என்று சொல்லிக்கொண்டே பாயைச் சுருட்டிக் கீழே போய், ஜன்னலைச் சாத்திப் படுத்திருக்கிறேன்.

என் நோட்ஸில் தமிழ் நாடகத்துக்கு மூவர். பரிதிமாற் கலைஞருக்கு ‘நாடகவியல்’, ‘ரூபாவதி’, ‘கலாவதி’ என்று ஒன்றரைப் பக்கம். பம்மல் சம்பந்த முதலியாருக்கு மூன்று பக்கம்: 1891இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபை, அவருடைய நீதிபதி உத்தியோகம், 1959இல் கிடைத்த பத்மபூஷண். சுவாமிகளுக்கு அரைப் பக்கம். பிறப்பு 1867, இறப்பு 1922, எழுதிய நாடகங்கள் 68, சிறப்புப் பெயர் நாடகத் தலைமையாசிரியர். அந்த 68 எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே கிடையாது. நாற்பதுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. கடைசியில் ‘குறைபாடு’ என்று துணைத்தலைப்புப் போட்டு ஒரு வரி எழுதியிருந்தேன்: இவர் நாடகங்களில் பாடல்கள் அளவுக்கு மீறி இடம்பெறுகின்றன. அந்த வரி எனக்கு என் வாத்தியார் சொன்னது. அவருக்கு யார் சொன்னார்களோ. நாடகமே பார்க்காத ஒருவர் எழுதி, பார்க்காத இன்னொருவர் படித்து, பார்க்காத நான் பரீட்சைக்குக் கேட்டேன்.

நாடக நடிகர் டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ என் அலமாரியிலேயே இருந்தது. 1972இல் வந்த புத்தகம். பார்வை நூல் பட்டியலில் வருஷா வருஷம் அதன் பெயரைப் போட்டவனும் நான்தான். ஓய்வுக்குப் பிறகு ஒரு மழைநாளில் வேறெதையோ தேடப்போய்க் கையில் அகப்பட்டது. உட்கார்ந்து படித்தேன். என் அரைப் பக்கத்தில் இல்லாத மனிதர் அதற்குள் இருந்தார்.

தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் முறையாகத் தமிழ் படித்துவிட்டு, உப்பளத்தில் கணக்கு எழுதினார். 24ஆம் வயதில் அந்த வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயமுறுத்துகிற வேஷங்களில்தான் பெயர் வாங்கியிருக்கிறார். சனீஸ்வரனாக நடித்த ஒரு நாள், வேஷத்தைக் கலைக்க விடியலுக்கு முன் குளத்துக்குப் போனபோது, அங்கே வந்த ஒரு பெண் அவரைக் கண்டு அலறி விழுந்து உயிரையே விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். அதன்பிறகு இப்படிப்பட்ட வேஷங்களை விட்டு, எழுதுவதிலும் சொல்லிக்கொடுப்பதிலும் இறங்கினாராம். இந்தக் கதையை வகுப்பில் சுவையாகச் சொல்வேன், பையன்கள் கைதட்டுவார்கள். அப்படி ஒதுங்கிய மனிதர் பிறகு என்ன செய்தார் என்பதற்கு என் வகுப்பில் நேரம் இருந்ததில்லை.

அவர் செய்த காரியம் பெரிது. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் வீட்டில் பிள்ளையைப் போல இருந்து, தாளத்தின் நுட்பமெல்லாம் கற்றார். ஊர் ஊராகப் போய்ப் பல கம்பெனிகளுக்கு ஆசிரியராக இருந்தார். 1910இல் ‘சமரச சன்மார்க்க நாடக சபை’ என்று சொந்தமாக ஒன்றை நடத்தினார். பெரிய நடிகர்களின் கட்டுக்கடங்காத போக்கு அவருக்கு அலுத்துப்போயிற்று. சிறுவர்களை வைத்து 1918இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யைத் தொடங்கினார். சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தது அங்கேதான். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பையன் நடிப்பதற்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில், பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் சுவாமிகள். ‘ஒரே இரவில் எழுதினார்’ என்பதை நான் கரும்பலகையில் அடிக்கோடிட்டுக் காட்டுவேன். அதைப் படிக்க நான் ஒரு சாயங்காலம்கூடச் செலவழித்தவனில்லை.

1921இல் பக்கவாதம் வந்து விழுந்தார். 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் காலமானார்.

நேரம் கிடைக்கவில்லை, புத்தகம் கிடைக்கவில்லை என்று, இதையெல்லாம் படிக்காமல் விட்டதற்கு நான் காரணம் சொல்லிக்கொள்ளலாம். பொய். நேரமும் இருந்தது, புத்தகமும் இருந்தது. எனக்கு அந்த நாடகக்காரர்களைப் பார்த்தாலே இளப்பம். எங்கள் வீட்டில் ‘கூத்தாடிக் கூட்டம்’ என்பது வசவு. அதைக் கேட்டு வளர்ந்து, அதன்மேல் ஒரு முனைவர் பட்டத்தையும் போர்த்திக்கொண்டேன். பம்மல் சம்பந்த முதலியார் எனக்குப் பிடித்ததற்கு அவருடைய நாடகங்கள் காரணம் இல்லை. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சேர்ந்து நடித்த சபை என்பதுதான் காரணம். கௌரவம் இருந்தது. ராத்திரி வேனில் வந்து இறங்கி, பள்ளிக்கூட வராந்தாவில் அரிதாரம் பூசிக்கொள்கிறவர்களிடம் அது இருப்பதாக நான் நினைக்கவில்லை.

நாடக நடிகர் விஸ்வநாத தாஸைப் பற்றி மட்டும் சுதந்திர தின விழாக்களில் உருக்கமாகப் பேசுவேன். மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை போனவர். 1940 டிசம்பர் 31 அன்று முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் துறந்தவர். அந்த நாடகமும் ‘வள்ளி திருமணம்’தான். பக்கத்து ஊரில் இப்போதும் ஒருவர் அதே வேஷம் கட்டுகிறார் என்பது பேசும்போது என் நினைவுக்கு வந்ததில்லை. செத்துப்போன நடிகர்களை மதிப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

கல்லூரிச் சுவரில் ஒருமுறை நாடக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவர் படமும் ஊர்ப் பெயரும் போட்டு, மேலே ‘தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய’ என்று அச்சடித்திருந்த நோட்டீஸ். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, “இதெல்லாம் காலேஜ் சுவத்துல ஒட்டலாமாய்யா? சுரண்டி எடு” என்றேன். அவர் தண்ணீர் தெளித்துச் சுரண்டினார். நான் உள்ளே போய் வகுப்பெடுத்தேன்.

இது சின்னது. பெரியதை இனித்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மாணவி. அவளுடைய அம்மா ஸ்திரீபார்ட் நடிகை. இது துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் அறையில் ஒருவர் அந்தம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். இங்கே எழுதக்கூடிய வார்த்தை இல்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் உள்தேர்வில் ‘சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பணியை விளக்குக’ என்று கேட்டிருந்தேன். என் அரைப் பக்கத்தை எல்லோரும் ஒப்பித்திருந்தார்கள். அவள் மட்டும் நான்கு பக்கம் வேறு எழுதியிருந்தாள். கோயில் பொட்டலில் போடும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், மேடையில்தான் சந்திப்பார்கள். சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் இது நடக்கிறது. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் ஆளுக்கு ஆள் மாறும், பாட்டு மாறாது. ஆகவே பாட்டு அதிகம் என்பதைக் குறையாகச் சொல்ல முடியாது. இப்படிப் போயிற்று அவள் விடை. என் வரியை மறுத்துவிட்டாளே என்று எனக்குச் சுருக்கென்றது. சிவப்பு மையால் நான்கு பக்கத்தையும் குறுக்கே அடித்து, ‘வினாவிற்குப் பொருத்தமற்றது’ என்று எழுதினேன். 16 மதிப்பெண் கேள்விக்கு 5 போட்டேன்.

தாளோடு வந்து நின்றாள்.

“மேடையில நடக்குறதெல்லாம் எழுதக்கூடாதும்மா. புத்தகத்துல இருக்கிறத எழுதணும்.”

“எந்தப் புத்தகம்னு சொல்லுங்கய்யா, படிச்சிட்டு எழுதுறேன்.”

அவள் எதிர்த்துப் பேசவில்லை, உண்மையாகவே கேட்டாள். சொல்வதற்கு நான் படித்த புத்தகம் எதுவும் இல்லை. நோட்ஸ்தான் இருந்தது. “நேரமாச்சு, அப்புறம் வா” என்றேன். அப்புறம் அவள் வரவில்லை. அடுத்த தேர்வில் என் அரைப் பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் எழுதி 14 வாங்கினாள். அந்த 14ஐப் போட்டபோது எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சண்முகத்தின் புத்தகத்தைப் படித்த பிறகுதான் நாடகம் பார்க்கப் போனேன். முதல் தடவை கூட்டத்துக்கு வெளியே, தெரிந்தவர் யார் கண்ணிலும் படாத இருட்டில், வண்டியை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். பபூனும் டான்ஸும் பேசிய பேச்சில் காது கூசியது. வள்ளி மேடைக்கு வருமுன்பே கிளம்பிவிட்டேன். இளப்பம் அவ்வளவு சீக்கிரம் போகிற சாமான் இல்லை.

இன்னொரு முறை விடியும்வரை இருந்தேன். மேடைக்குப் பின்னால் ஆர்மோனியக்காரர் ஸ்திரீபார்ட்டிடம், “எத்தனை கட்டைம்மா?” என்று சுருதி கேட்டார். அந்தம்மா சொன்னார். அவ்வளவுதான் ஒத்திகை. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாட வந்தபோது நடுச்சாமம் தாண்டிவிட்டது. நாரதராக வந்தவர் கந்தபுராணத்திலிருந்து ஒரு கேள்வி போட்டு மடக்கப் பார்த்தார். அந்தம்மா திருக்குறளில் ஒன்றை எடுத்து அவரையே திருப்பி மடக்கினார். நாரதர் விடவில்லை, அத்தைமகன், மாமன்மகன் உறவுமுறைக்குள் போய், ரேஷன் கடை வரிசைக்கு வந்து, எங்கெங்கோ சுற்றினார். இனி கதைக்குத் திரும்பவே போவதில்லை என்று நான் நினைத்த இடத்தில் ஆர்மோனியம் ஓர் அடி எடுத்துக் கொடுத்தது. இருவரும் சுவாமிகளின் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பாட்டி, நடிகைக்கு முன்னாலேயே அடுத்த அடியை முணுமுணுத்தார். எழுதியவர் போய் நூறு ஆண்டு ஆன பிறகும், முன்பின் அறியாத நடிகர்களை ஒரே மேடையில் விடியும்வரை நிற்கவைப்பது அந்தப் பாட்டுதான். நான் சிவப்பு மையால் அடித்த விடையில் இது அப்படியே இருந்தது.

அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேனா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. விலாசம் தெரியாது என்று அவரிடம் சொன்னேன். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் கிடைத்திருக்கும்.

மதுரை தமுக்கம் மைதானத்தின் முன்னால் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் வந்து மாலை போடுவார்கள். நான் போனதில்லை.

என்னுடைய நோட்ஸ் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் இன்னமும் விற்கிறது. மாணவர்களே, அதை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் சுவாமிகளைப் பற்றிய அரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பங்குனியில் பக்கத்து ஊரில் நாடகம் போடும்போது ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விடுங்கள். வாத்தியார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நாடகக் குடும்பத்துப் பிள்ளை யாராவது உங்கள் நோட்ஸை மறுத்து எழுதியிருந்தால், மார்க் போடுவதற்கு முன்னால் அந்த நான்கு பக்கத்தையும் முழுசாகப் படியுங்கள்.