வயசு வேணாம் பாஸ்... மாசத்தைச் சொல்லுங்க!

எம்.பி.ஏ. படிக்கப் போறேன்னு வீட்ல சொல்லிப் பார்த்திருக்கீங்களா? 20 வயசுல சொன்னா, ''அதுக்குள்ள என்ன அவசரம், மொதல்ல ஒரு வேலைக்குப் போ''ம்பாங்க. 29 வயசுல சொன்னா, ''இனிமே என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு?''ம்பாங்க. சரி, எந்த வயசுலதான் படிக்கிறதுன்னு கேளுங்க, பதிலே வராது! எங்க குடும்பத்துல இந்த ரெண்டு டயலாக்கும் ஒரே வாரத்துல வந்துச்சு. முதல் டயலாக் எனக்கு. இ.சி.இ. மூணாவது வருஷம். ரெண்டாவது எங்க பெரியம்மா பொண்ணுக்கு. சிறுசேரியில 7 வருஷமா சாஃப்ட்வேர் வேலை, ஒரு வாண்டுக்கு அம்மா.

அதனால இந்த வயசு மேட்டரை நோண்டிப் பார்த்துடலாம்னு இறங்கினேன்.

முதல்ல ரூல்ஸ். ஐ.ஐ.எம்.முக்கான 'கேட்' தேர்வு எழுத (பூனை கேட்டுங்க, நம்ம இன்ஜினீயரிங் கேட் வேற) உச்ச வயசு வரம்பே கிடையாது. டிகிரியில 50 சதவிகிதம் இருந்தா போதும். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. கடைசி வருஷம் படிக்கிறவங்களும் எழுதலாம். இத்தனை தடவைதான்னு கணக்கும் இல்லை. சிவில் சர்வீஸ்ல பொதுப்பிரிவுக்கு 32 வயசு, 6 அட்டெம்ப்ட்னு கதவைச் சாத்திடறாங்க இல்லையா? இங்கே அந்தக் கதவே இல்லை. 2024-ல 3 லட்சத்துக்கும் மேல பேர் கேட்டுக்குப் பதிவு பண்ணியிருந்தாங்க. அதுல 21-ம் இருக்கலாம், 41-ம் இருக்கலாம்.

''அப்ப வயசு மேட்டரே இல்லை''ன்னு துள்ளிக் குதிச்சுடாதீங்க. வயசு பின்வாசல் வழியா வருது.

ஐ.ஐ.எம்.கள் இன்டர்வியூவுக்கு ஆள் எடுக்குற கணக்கைத் தங்களோட வெப்சைட்லயே போட்டுடறாங்க. அகமதாபாத், பெங்களூரு ரெண்டையும் படிச்சுப் பாருங்க. கேட் மார்க்கோட வேலை அனுபவத்துக்கும் ஒரு பங்கு இருக்கும். அதாவது, 'உனக்கு வயசென்ன?'னு கேக்க மாட்டாங்க. 'எத்தனை மாசம் வேலை பார்த்தே?'ம்பாங்க. எனக்கு அந்தக் கட்டத்துல பூஜ்யம். எங்க அக்காவுக்கு 84. ஆனா, அந்த மார்க்குக்கும் ஒரு உச்சம் உண்டு. அதுக்கு மேல எத்தனை வருஷம் குப்பை கொட்டினாலும் எக்ஸ்ட்ரா மார்க் விழாது.

இதைவிடப் பெரிய காமெடி, அதே கணக்குல பத்தாம் வகுப்பு மார்க்கும் வருது, பிளஸ் டூ மார்க்கும் வருது. 15 வயசுல சோஷியல் சயின்ஸ்ல கோட்டை விட்டது 29 வயசு வரைக்கும் துரத்திக்கிட்டு வரும். எங்க அக்கா இப்ப ஒரு டீமையே மேய்க்கிறாங்க. ஆனா, ஃபார்ம்ல பத்தாவது மார்க்கை டைப் பண்ணும்போது ரிசல்ட் அன்னிக்கு மாதிரியே கை நடுங்குச்சாம்! எனக்குக் கேட்டா, இருக்கிற வயசைவிட அந்தப் 15 வயசுதான் ரொம்பப் படுத்துது.

வெளிநாட்டுல தலைகீழ். பிரான்ஸ்ல இருக்கிற இன்சியாட்ல எம்.பி.ஏ. படிக்கிறவங்களோட சராசரி வயசே 29. நான் போய் நின்னா குழந்தைன்னு நினைப்பாங்க. ஹார்வர்டுல '2+2'ன்னு ஒரு வழி வெச்சிருக்காங்க. கடைசி வருஷத்துலயே விண்ணப்பிக்கலாம், சீட்டும் தருவாங்க. ஆனா, குறைஞ்சது ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு வான்னு அனுப்பிடுவாங்க. எங்க அம்மா சொன்ன அதே டயலாக்! (அம்மாகிட்ட இதை இன்னும் சொல்லலை. சொன்னா நான் காலி.)

நம்ம ஊர்லயும் சீனியர்களுக்குத் தனி ரூட் இருக்கு. ஐ.ஐ.எம். அகமதாபாத்ல ஒரு வருஷப் படிப்பு, பேரு பி.ஜி.பி.எக்ஸ். 2006-ல ஆரம்பிச்சது. இதுக்குக் குறைஞ்சபட்சம் 4 வருஷ அனுபவம் வேணும், கேட்டுக்குப் பதிலா ஜிமேட் மார்க்கைப் பார்ப்பாங்க. கேட் மார்க் ஒரு சீஸனோட செல்லாக்காசு. ஜிமேட் 5 வருஷம் தாங்கும். ஃபீஸ்தான் கேட்டைவிடப் பல மடங்கு.

அக்காவுக்கு இந்த ஒரு வருஷப் படிப்புதான் தோதுன்னு எல்லாருமே சொல்றாங்க. ரெண்டு வருஷப் படிப்புல 22 வயசுப் பசங்களோட உக்காந்து, முடிக்கும்போது வர்ற கம்பெனியில பாதி ஃப்ரெஷர்ஸுக்கான வேலையோட வந்தா, 7 வருஷ அனுபவத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுங்கிறது நியாயமான கேள்விதானே? இந்த இடத்துல மட்டும் வயசு நிஜமாவே உதைக்குது.

ஆனா, அக்காவோட பிரச்னை அகமதாபாத்ல இல்லை, நங்கநல்லூர்ல இருக்கு. ''குழந்தையை யாரு பார்த்துப்பா?''ன்னு மாமியார் கேட்டாங்க. அதே ஆபீஸ்ல அதே வயசுள்ள ஒரு அண்ணன், அவருக்கும் ஒரு குழந்தை, போன வருஷம் இதே மாதிரி படிப்புக்கு வேற ஊர் போனார். அவர்கிட்ட இந்தக் கேள்வியை யாருமே கேக்கலையாம். 'மாம்ஸ், நீங்க என்ன சொல்றீங்க?'னு நான் அக்கா வீட்டுக்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்து 4 நாளாச்சு!

நம்ம வீட்டுக் கணக்குக்கு வருவோம். அப்பா அரசு பஸ்ல கண்டக்டர். ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டே வருஷம். பெரிய ஐ.ஐ.எம்.கள்ல ஃபீஸ் 20 லட்சத்தைத் தாண்டுது. லோன் கிடைக்கும், ஆனா கட்டப்போறது நான்தான். கடைசி வருஷத்துலயே எழுதி, சீட் கிடைச்சா, 23-ல முடிச்சிடுவேன். அம்மாவுக்கு அதுல ஒரு கணக்கு இருக்கு. 23 அவங்க டிக்ஷனரியில 'ஜாதகம் எடுக்குற வயசு'. மூணு வருஷம் வேலை பார்த்துட்டுப் போனா முடிக்கும்போது 26. அது அவங்க டிக்ஷனரியிலயே கிடையாது.

எந்த காலேஜும் எனக்கு வைக்காத வயசு வரம்பை வீடு வெச்சிருக்கு, அவ்ளோதான் மேட்டர். உங்க வீட்லயும் இருக்கும், தேடிப் பாருங்க. பசங்களுக்கு அது கொஞ்சம் தள்ளி இருக்கும்.

நான் கடைசி வருஷ நவம்பர்ல கேட் எழுதப்போறேன். நல்ல இடம் கிடைச்சா உடனே கிளம்பறது. கிடைக்கலைன்னா கேம்பஸ்ல வர்ற வேலையில சேர்ந்துட்டு, அந்த பூஜ்யக் கட்டத்தை ரொப்பறது. அதுக்காக வீட்ல 36 மாசம் கேட்டிருக்கேன். அம்மா 18-ல ஆரம்பிச்சாங்க. அப்பா டிக்கெட் கிழிக்கிற ஸ்டைல்ல, ''சரி, 24 போட்டுக்கோ''ன்னார். நான் இறங்கலை. பேச்சுவார்த்தை தொடருது.