பெட்டிக்குள் காத்திருந்த ஓவியங்கள்

1944-ம் ஆண்டில் மூன்று ஓவியர்கள் காலமானார்கள். பிப்ரவரியில், நியூயார்க்கில் பியட் மோன்ட்ரியான். டிசம்பரில், பாரிஸை ஒட்டிய நுயி நகரில் வசீலி காண்டின்ஸ்கி. இருவருமே அரூப ஓவியத்தின் பிதாமகர்கள் என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடும் பெயர்கள். இவர்களுக்கு நடுவே, அக்டோபர் 21 அன்று, ஸ்வீடனில் 81 வயதுப் பெண்மணி ஒருவர் விபத்தில் பட்ட காயத்தால் இறந்துபோனார். இன்னும் ஐந்து நாள் இருந்திருந்தால் 82 வயது நிறைந்திருக்கும். அவர் பெயர் ஹில்மா ஆஃப் கிளின்ட்.

அவர் விட்டுச் சென்றவை 1,200-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். சுமார் 26,000 பக்கக் குறிப்புகள். எல்லாம் சகோதரரின் மகனான எரிக் கைக்கு வந்தன. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. குறிப்பிட்ட படைப்புகளை, தான் இறந்து 20 ஆண்டுகள் ஆகும்வரை திறக்கக் கூடாது என்று ஹில்மா எழுதிவைத்திருந்தார். அத்தகைய நோட்டுகளின் மேல் ஒரு கூட்டல் குறியும் ஒரு 'எக்ஸ்' எழுத்தும் இருக்கும். அதுதான் அடையாளம்.

எரிக் கடற்படை அதிகாரி. ஓவியத்துக்கும் அவருக்கும் வெகுதூரம். ஆனாலும் அத்தையின் சொல்லைக் காப்பாற்றினார். பெட்டிகள் பரணில் ஏறின. 1960-களின் பிற்பகுதியில்தான் அவை திறக்கப்பட்டன. உள்ளே இருந்தவை, ஓவிய வரலாற்றில் அதுவரை எழுதப்பட்டிருந்த தேதிகளைக் கலைத்துப் போடக்கூடியவையாக இருந்தன.

மரமும் இல்லை, முகமும் இல்லை

அரூப ஓவியம் என்றால் என்ன? அதில் ஆள் இருக்காது, மரம் இருக்காது, கோயில் கோபுரம் இருக்காது. நிறமும் கோடும் வடிவமும் மட்டுமே பேசும். பார்த்ததை வரைவதுதான் ஓவியம் என்றிருந்த காலத்தில், அது ஒரு பெரிய தாவல். அந்தத் தாவலை யார் முதலில் செய்தது என்பது ஓவிய உலகில் கௌரவப் பிரச்னை. 1911-ல் தான் வரைந்த ஒரு படம்தான் உலகின் முதல் அரூப ஓவியம் என்று 1935-ல் காண்டின்ஸ்கியே கடிதம் எழுதி உரிமை கோரினார்.

ஹில்மாவின் பெட்டியில் இருந்த முதல் அரூபப் படங்களின் ஆண்டு 1906.

வரைபடக் குடும்பத்துப் பெண்

ஹில்மா 1862-ல், ஸ்டாக்ஹோமை ஒட்டிய கார்ல்பெரி அரண்மனை வளாகத்தில் பிறந்தார். அரண்மனை என்றதும் இளவரசி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே ராணுவப் பயிற்சிக் கல்லூரி இயங்கியது. அப்பா விக்டர் கடற்படை அதிகாரி. கடல் வரைபடங்கள் தயாரித்துப் பெயர் வாங்கிய பரம்பரை. கோடை விடுமுறைக்கு மேலாரென் ஏரியில் இருக்கும் அடெல்சோ தீவுக்குப் போவார்கள். கணக்கும் வரைபடமும் அப்பா வழியில் வந்தன. செடிகொடிகளின் மேல் பிரியம் அந்தத் தீவில் வளர்ந்தது.

1880-ல் தங்கை ஹெர்மினா இறந்துபோனாள். அவளுக்கு வயது 10. ஹில்மா அப்போது பதின்பருவத்தைத் தாண்டாதவர். இறந்தவர்களோடு பேச முயலும் கூட்டங்கள் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்த காலம் அது. அவற்றில் அவருக்கு இருந்த நாட்டம் அந்த இழப்புக்குப் பிறகு ஆழமானது.

1882-ல் ஸ்டாக்ஹோமின் ராயல் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். ஐரோப்பாவின் பல நாடுகளில் பெண்களுக்குக் கலைக் கல்லூரிக் கதவு மூடியிருந்தபோது, ஸ்வீடன் 1864-லேயே திறந்துவிட்டிருந்தது. ஐந்து வருடப் படிப்பைச் சிறப்பாக முடித்த ஹில்மாவுக்கு, நகரின் மையத்தில் கல்லூரிக்குச் சொந்தமான கட்டடத்தில் ஓவியக்கூடம் கிடைத்தது. நிலக்காட்சிகள், உருவப்படங்கள் வரைந்து சம்பாதித்தார். தாவரங்களை இலை நரம்பு பிசகாமல் வரைந்தார். கால்நடை மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கும் படங்கள் வரைந்து கொடுத்தார்.

பிற்பாடு அவர் வரைந்தவற்றைப் பார்த்து, 'வரையத் தெரியாமல் கிறுக்கியது' என்று யாரும் சொல்லிவிட முடியாது. கண்ணால் கண்டதை அச்சு அசலாக வரையும் கை அது.

ஐந்து தோழிகள்

1896-ல் ஹில்மாவும் நான்கு தோழிகளும் சேர்ந்து 'ஐவர்' என்றொரு குழு அமைத்தார்கள். ஆனா காசெல், கொர்னேலியா செடர்பெரி, சீக்ரிட் ஹெட்மன், மதில்டா நில்சன் ஆகியோர் மற்ற நால்வர். கூடிப் பிரார்த்தனை செய்வார்கள், தியானத்தில் அமர்வார்கள். பிறகு பென்சிலைக் கையில் எடுத்து, யோசிக்காமல் அது போகும் போக்கில் விடுவார்கள். மேலுலக வழிகாட்டிகளிடமிருந்து செய்தி வருவதாக நம்பினார்கள். எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்தார்கள்.

இன்று கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், அந்தக் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1895-ல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. மூடிய சதைக்குள் இருக்கும் எலும்பு படமாக வந்தது. அடுத்த ஆண்டு கதிரியக்கம். அதற்கடுத்த ஆண்டு எலெக்ட்ரான். கண்ணுக்குத் தெரியாதது பொய்யல்ல என்று விஞ்ஞானமே வருடத்துக்கு ஒரு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஆன்மாவையும் படமாக்க முடியாதா என்று கேட்டவர்கள் அன்று ஏராளம்.

இந்தத் தேடலில் சென்னைக்கும் ஒரு இழை உண்டு. 1904-ல் ஹில்மா பிரம்மஞான சபையில் சேர்ந்தார். அந்தச் சபையின் தலைமையகம் 1882 முதல் அடையாறில் இருந்தது. எண்ணங்களுக்கு நிறமும் வடிவமும் உண்டு என்று அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து எழுதிய நூல், ஐரோப்பிய ஓவியர்கள் பலர் கைக்குப் போனது. காண்டின்ஸ்கி அதைப் படித்தவர். மோன்ட்ரியான் 1909-ல் நெதர்லாந்தில் அதே சபையில் உறுப்பினரானவர். மூன்று பேரும் ஒரே ஊற்றில் தண்ணீர் குடித்திருக்கிறார்கள்.

உத்தரவு வந்தது

ஐவர் குழுவின் கூட்டமொன்றில், ஒரு கோயிலுக்காக ஓவியங்கள் வரையும் பணி தனக்கு இடப்பட்டதாக ஹில்மா எழுதியிருக்கிறார். தோழிகள் தயங்கினார்கள். ஹில்மா ஒப்புக்கொண்டார். 1906-ல் தொடங்கி, 1915-ல் முடித்தபோது 193 ஓவியங்கள் சேர்ந்திருந்தன. 'கோயிலுக்கான ஓவியங்கள்' என்பது தொகுப்பின் பெயர்.

முதலில் வந்தது 'ஆதிக் குழப்பம்' என்ற 26 சிறிய படங்கள். நீலமும் மஞ்சளும் பச்சையும், சுருள் சுருளான கோடுகளும். ஹில்மாவின் மொழியில் நீலம் பெண்மை, மஞ்சள் ஆண்மை. இரண்டும் கலந்த பச்சை அவற்றின் ஒற்றுமை. நத்தை ஓடு போன்ற சுருள், வளர்ச்சியின் அடையாளம்.

அடுத்த ஆண்டு, 1907-ல், 'மாபெரும் பத்து'. ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம், இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். அக்டோபரில் ஆரம்பித்து, டிசம்பருக்குள் பத்தையும் முடித்துவிட்டார். தாளில் டெம்பரா வண்ணத்தில் வரைந்து, துணியில் ஒட்டப்பட்டவை. மனித ஆயுளின் நான்கு பருவங்கள்தான் விஷயம். இரண்டு படங்கள் குழந்தைப் பருவத்துக்கு. ஆழ்ந்த நீலப் பின்னணி. இரண்டு இளமைக்கு, ஆரஞ்சு. நான்கு நடுவயதுக்கு, இளம் ஊதா. கடைசி இரண்டு முதுமைக்கு. ஆரவாரமெல்லாம் அடங்கி, வெளிர் நிறத்தில் சீரான வடிவங்கள். பூவிதழ்போல, விதைபோல, கையெழுத்துபோல வடிவங்கள் அவற்றில் மிதக்கின்றன. எதுவும் எதுவாகவும் இல்லை. ஆனாலும் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. இவ்வளவு பெரிய அரூப ஓவியங்கள் சாதாரணமாவதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன.

1908 ஏப்ரலில் கணக்குப் பார்த்தால், ஒன்றரை வருடத்தில் 111 ஓவியங்கள். அதன் பிறகு நான்கு ஆண்டுகள், கோயில் தொகுப்பில் ஒன்றுமே இல்லை.

அம்மாவுக்குக் கண் பார்வை போய்விட்டிருந்தது. அப்பா 1898-லேயே இறந்துவிட்டார். மணமாகாத மகளான ஹில்மாதான் அம்மாவைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஓவியக்கூடம் கையைவிட்டுப் போனது. உலகின் முதல் அரூப ஓவியம் எதுவென்று பின்னாளில் சண்டை போட்டவர்கள் 1911-ஐச் சுற்றி நிற்கிறார்கள். அந்த 1911-ல் ஹில்மா, அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை வரைந்து முடித்துவிட்டு, கண் தெரியாத தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1912-ல் மீண்டும் தொடங்கினார். 1914-15-ல் 'அன்னம்' வரிசை வந்தது. முதல் படத்தில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை அன்னம், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு அன்னம். அலகும் அலகும் தொட்டுக்கொள்கின்றன. அடுத்தடுத்த படங்களில் அன்னங்கள் கரைந்து, வெறும் வட்டங்களும் நிறங்களும் ஆகின்றன. கடைசியில் மறுபடி இரண்டும் பின்னிப் பிணைந்து திரும்புகின்றன. தொகுப்பை நிறைவு செய்பவை மூன்று பீட ஓவியங்கள். வண்ணப் படிக்கட்டுபோல ஒரு முக்கோணம் பொன்வட்டத்தை நோக்கி ஏறுகிறது; இரண்டாவதில் அது தலைகீழாக இறங்குகிறது; மூன்றாவதில் பெரிய தங்க வட்டம் மட்டும் நிறைந்து நிற்கிறது.

ஏன் மறைத்தார்?

1914-ல் மால்மோ நகரில் நடந்த பெரிய கண்காட்சியில் காண்டின்ஸ்கியின் அரூபப் படங்கள் இருந்தன. ஹில்மாவின் படங்களும் இருந்தன. ஆனால், அவர் அனுப்பியது வழக்கமான பாணிப் படங்களை!

அவருக்குக் கூச்சம் என்று சொல்வது எளிது. அது முழு உண்மையல்ல. ஆன்மிக வட்டாரத்தில் சிலரிடம் அவர் தன் ஓவியங்களைக் காட்ட முயன்றிருக்கிறார். ரூடால்ஃப் ஸ்டைனரிடம் எதிர்பார்த்தார். எதிர்பார்த்த ஆதரவு வரவில்லை. 193 ஓவியங்களையும் நீல அட்டை போட்ட பத்து ஆல்பங்களில் அடக்கினார். ஒருபக்கம் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், எதிர்ப்பக்கம் அதே ஓவியம் சிறிய அளவில், கையால் நீர்வண்ணத்தில். தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு கண்காட்சி. யாருக்கும் காட்டக் கூடாது என்றிருந்தவர் இப்படி ஒரு வேலை செய்ய மாட்டார். பார்க்கத் தெரிந்த கண்களைத் தேடினார். தன் காலத்தில் அவை போதவில்லை என்ற முடிவுக்கு வந்த பிறகுதான் அந்த 20 ஆண்டுக் கெடு.

கெடு முடிந்தும் கதவு சட்டென்று திறக்கவில்லை. 1970-ல் ஓவியங்கள் ஸ்டாக்ஹோம் நவீன கலை அருங்காட்சியகத்துக்குத் தரப்பட இருந்தன. அவர்கள் வேண்டாம் என்றார்கள். 1972-ல் குடும்பமே ஓர் அறக்கட்டளை அமைத்தது. 1986-ல் லாஸ் ஏஞ்சலீஸ் கண்காட்சியில்தான் வெளியுலகம் முதன்முறையாகக் கவனித்தது. அதன் பின்பும், 2012-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அரூபக் கலையின் பிறப்பைப் பற்றி நடத்திய மாபெரும் கண்காட்சியில் ஹில்மாவுக்கு இடமில்லை. 1970-ல் மறுத்த ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகம், 2013-ல் அவரை அரூபக் கலையின் முன்னோடி என்று அறிவித்துக் கண்காட்சி வைத்தது. 2018-ல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவர் ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். அந்த அருங்காட்சியகம் அதுவரை கண்டிராத கூட்டம். தன் ஓவியங்களுக்கான கோயில் சுருள் வடிவில் இருக்க வேண்டும் என்று ஹில்மா குறித்து வைத்திருந்தார். குகன்ஹைம் கட்டடமும் சுருள் வடிவம்தான். அது தற்செயலே, ஆனால், அழகான தற்செயல்.

முதல் ஆள் யார்?

இனி ஹில்மாதான் முதல் என்று மாற்றி எழுதிவிடலாமா? அதற்கும் மறுப்பு உண்டு. லண்டனில் ஜார்ஜியானா ஹௌட்டன் என்ற பெண்மணி, ஆவிகளின் வழிகாட்டலில் வரைந்த உருவமற்ற படங்களை 1871-லேயே காட்சிக்கு வைத்தார். ஹில்மாவின் சில தொடர்களில் ஆனா காசெல் போன்ற தோழிகளின் கையும் இருந்ததாக அண்மை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். முதல் என்ற நாற்காலி எப்போதும் ஆட்டம் காண்பதுதான்.

வரைந்ததை வைத்து மட்டும் வரலாறு எழுதப்படுவதில்லை; யார் பார்த்தார்கள், யார் விமர்சனம் எழுதினார்கள், யார் விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதை வைத்தும் எழுதப்படுகிறது. காண்டின்ஸ்கிக்கு மாணவர்கள் இருந்தார்கள், நூல்கள் இருந்தன, சண்டை போட நண்பர்கள் இருந்தார்கள். ஹில்மாவிடம் இருந்தவை பெட்டிகள். அவர் யாரையும் பாதிக்கவில்லையே, பின் எப்படி முன்னோடி என்று கேட்பவர்களின் வாதம் இங்கேதான் நிற்கிறது. அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால், விதை மண்ணுக்குள் கிடந்த காலத்தையும் விதையின் வயதில்தான் சேர்க்க வேண்டும்.

அவருடைய ஓவியங்களில் பெரும்பகுதி இன்றும் சிதறாமல் ஒரே அறக்கட்டளையிடம் இருக்கின்றன. ஏலத்தில் ஒன்றொன்றாகப் போகவில்லை. அதற்கு எரிக்கின் பொறுமை ஒரு காரணம். ஹில்மாவின் ஒழுங்கு இன்னொரு காரணம். வயதான காலத்தில் அவர் பழைய நோட்டுகளை எடுத்து வரிசைப்படுத்தினார், திருத்தினார், எண் போட்டார். தன் ஓவியங்களில் வரும் எழுத்துகளுக்கும் சின்னங்களுக்கும் பொருள் சொல்லி ஓர் அகராதியே தயாரித்தார்.

படத்தையே யாரும் பார்த்திருக்கவில்லை. அந்த நிலையில், என்றோ ஒருநாள் வந்து நின்று இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கப்போகிறவர்களுக்காக, ஒரு முதியவர் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிக்கொண்டிருந்தார்.