விதைநெல்லும் மூளைக் கலமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும் துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும் எழுதுவோர் பலர் இருப்பரென்று கருதி, நாம் உயிரியல் ஆய்வுகூடத்தின் மூலையொன்றைத் தெரிந்துகொண்டோம். வெங்காய வேர்நுனியை நசுக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, நிறமூர்த்தங்கள் இருபாலும் விலகிச் செல்லும் காட்சியை முறைவைத்துப் பார்த்த நாட்கள் அன்பர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கலம் இரண்டாகும்; இரண்டும் தாய்க்கலத்தை ஒத்திருக்கும். இழையுருப்பிரிவு பற்றி நாம் மனனஞ் செய்த பாடத்தின் சாரம் இதுவே. மனிதமூளை உருவாகும் கதைக்கு இப்பாடம் தொடக்கம் மாத்திரமே.

தமிழகத்தார் உயிரணு என்பதை ஈழத்தில் நாம் கலம் என்றே பயின்றோம். பாத்திரத்துக்கும் அதுவே பெயர். ஒன்றிலுள்ளதை இரண்டாகப் பங்கிடும் செய்தியைச் சொல்ல இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

கருவுற்று ஏறக்குறைய 28 நாட்களில் முளையத்தின் நரம்புக்குழாய் மூடிக்கொள்கின்றது. அக்குழாயின் சுவரே பின்னர் மூளையாக வளர்வது. தொடக்கத்தில் அச்சுவரின் கலங்கள் சமமாகவே பிரிகின்றன. ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய், பத்து முறை பிரிந்தால் ஒன்று 1,024 ஆகும். ஆயின் இவையனைத்தும் மூலக்கலங்கள்; சிந்திக்கவல்ல நரம்புக் கலம் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. மேலும் சில வாரங்களில் முறை மாறுகின்றது. மூலக்கலம் பிரிந்ததும் ஒரு மகள் தாயைப்போல் மூலக்கலமாகவே நிற்க, மற்றையது நரம்புக் கலமாகவோ, சில முறை மாத்திரம் பிரிந்து நரம்புக் கலங்களை ஈனும் இடைநிலைக் கலமாகவோ ஆகின்றது. நரம்புக் கலமாகிவிட்டது மீண்டும் பிரிவதில்லை. இதனையே சமனற்ற பிரிவு என்கின்றனர்.

எழுவான்கரையில் நாவற்குடாவிலே குடியிருந்தாலும், நம்மவர் பலருக்கு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயலுண்டு. அறுவடை முடிந்ததும் விதைநெல்லை வேறாக எடுத்து வைத்த பின்னரே எஞ்சியதற்குக் கணக்குப் பார்ப்பது வழக்கம். எல்லாவற்றையும் உண்டால் அடுத்த போகம் இல்லை. எல்லாவற்றையும் விதையென்று கட்டி வைத்தால் வீடு பட்டினி. மூளையின் மூலக்கலம் ஒவ்வொரு பிரிவிலும் இக்கணக்கையே பார்க்கின்றது. ஆனால் வயலை முதலிற் பெருக்கிக்கொண்ட பின்னரே அது பங்கீட்டுக்கு வருகின்றது. சமமாகப் பெருகும் காலத்தில் ஒரு சுற்றுக் குறையுமாயின், பின்னர்ப் பங்கிட நிற்கும் மூலக்கலங்கள் பாதியாகிவிடும். வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளனவென 2009இல் பிரேசில் ஆய்வாளர் கணக்கிட்டனர். அவற்றுள் 1,600 கோடியளவு மூளைய மேற்பட்டைக்கு உரியவை. இத்தொகையின் பெரும்பகுதி பிறப்பதற்கு முன்னரே, சில மாதங்களுக்குள், உண்டாக்கப்படுவதை எண்ணும்போது, சுற்றொன்றின் பெறுமதி விளங்கும்.

இனி, பங்கிடும் விதம். இப்பருவத்து மூலக்கலம் மிக நெடியது. அதன் ஒரு முனை மூளையின் உட்குழியைத் தொட்டிருக்க, மறுமுனை நார்போல் நீண்டு வெளிப்பரப்பை எட்டுகின்றது. பிறந்த நரம்புக் கலம் தாயின் இந்நாரைப் பற்றிக்கொண்டே, கமுகில் ஏறுவான்போல், வெளிநோக்கி ஏறுகின்றது. பின்னர் வருவன முன்வந்தவற்றைக் கடந்து மேலே சென்று அமர்கின்றன. 1970களின் தொடக்கத்தில் பஸ்கோ ராக்கிச் என்பார் குரங்கின் முளைய மூளையில் இதனை விரிவாகக் காட்டினார். பிரிவின்போது கதிரின் இருமுனையிலும் புன்மையத்திகள் நிற்பதைப் படித்திருக்கின்றோம். அவற்றுள் ஒன்று மூத்தது, மற்றது இளையது. எலியின் முளையத்தில், மூத்த புன்மையத்தியைப் பெற்ற மகளே பெரும்பாலும் மூலக்கலமாக நிலைக்கின்றதென 2009இல் நியூயோர்க் ஆய்வாளர் கண்டனர். மூத்ததை வைத்திருப்பது வீட்டோடு நிற்க, இளையதைப் பெற்றது புறப்பட்டுப் போகின்றது! புறப்படும் மகளும் சும்மா போவதில்லை. தன் மேற்பரப்பிலுள்ள புரதமொன்றினால் அயலிலுள்ள மூலக்கலத்தைத் தொட்டு, 'நீ மாறாதே' என்பதுபோற் குறிப்புத் தந்துவிட்டே செல்கின்றது. மனிதரில் இன்னொரு சிறப்புண்டு. உட்குழியைவிட்டு வெளிப்புறமாக இடம்பெயர்ந்த பின்னரும் சமனின்றிப் பிரியும் மூலக்கலங்கள் நமது மூளையில் ஏராளம், எலியிலோ சிலவே. 2010இல் இவை அறியப்பட்டன.

இத்துணை நுட்பமான கணக்குத் தவறினால் நேர்வதை எமது அயலிலேயே கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் இளந்தாயொருத்திக்கு மிகச் சிறுத்த தலையுடன் மகவொன்று பிறந்தது. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்றனர் சிலர். உண்ணத் தகாததை உண்டாள் என்றார் மாமியார். இது இருவர் வழியாலும் வந்த பரம்பரைக் குறை என்று மருத்துவர் கூறியது அவர்களது செவியில் ஏறவில்லை. ஒருநாள் மாலை அவள் குழந்தையுடன் வந்து, "நான் செய்த பிழை என்ன, மாமா?" என்று கேட்டாள்.

நாம் அறிந்ததைச் சொன்னோம். இத்தகைய சிறுதலைக் குறைக்குக் காரணமான பரம்பரை அலகுகளுள் ஒன்றைப் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியற் கழகத்தின் அருண் குமார், நிம்ஹான்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த கிரிமாஜி முதலியோர் 2009இல் இந்தியக் குடும்பங்களில் ஆராய்ந்தே கண்டுபிடித்தனர். 'ஸ்டில்' எனப் பெயரிய அவ்வலகு ஆக்கும் புரதம் புன்மையத்திகள் இரட்டிப்பதற்கு வேண்டியது. அது பழுதுற்றால் மூலக்கலங்கள் பெருகவேண்டிய காலத்திற் பெருக்கம் குன்றிவிடும். பழுதான பிரதியைத் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பெற்ற பிள்ளைக்கே நோய் தோன்றும். ஒரேயொரு பிரதியுள்ள பெற்றோருக்கு யாதொரு குறையும் தெரியாது. அத்தகைய இருவருக்கு ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு இந்த வாய்ப்பு உண்டு. இவ்வகைக் குறைகள் கிரகணத்தாலும் வருவதில்லை, உணவாலும் வருவதில்லை. (எல்லாச் சிறுதலையும் பரம்பரையால் வருவதன்று என்பதையும் சொல்லல் வேண்டும். சிக்கா வைரசு மூலக்கலங்களையே தாக்குவதைப் பிரேசில் நாடு 2015இலும் 2016இலும் பெருந்துயருடன் கண்டது.)

அவள் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் இதில் அவருக்கும் சரிபாதியா?" என்றாள். ஆம் என்றோம். அவள் மணந்தது தன் தந்தையின் உடன்பிறந்தாள் மகனை. இருவர்க்கும் பொதுவான பாட்டன் பாட்டி வழியாக அப்பழுது வந்திருக்குமாயின், அது மாமியாரைக் கடந்தே கணவனை அடைந்திருக்கவேண்டும். இதனை நாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் தானே கணக்கிட்டுக்கொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. மச்சான் மச்சாள் மணத்தைக் குறைகூற நாம் முற்படவில்லை. குடிவழி பார்த்துக் கொள்வினை செய்யும் நமது மட்டக்களப்பில் அது தொன்றுதொட்டு வரும் உறவு. குடும்பத்தில் இத்தகைய பிள்ளை முன் பிறந்திருந்தால், நாளும் கோளும் பார்க்கும் முன்னரே பரம்பரையியல் மருத்துவரை நாடுவது நன்று என்பது மாத்திரமே எமது கருத்து.

விரும்பும் அன்பர்கள் இக்கலங்களைக் கண்ணாலேயே காணலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார் கருவின் நடுப்பருவத்து மூளைகளை நுண்ணிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களின் படங்களைக் கொண்டு 'தரணி' என்னும் படத்தொகுதியை 2024 டிசம்பரில் யாவரும் இலவசமாகப் பார்க்க வெளியிட்டனர். கணினி இருந்தால் நாவற்குடாவிலிருந்தே திறக்கலாம். உட்குழியின் ஓரமாகக் கலங்கள் நெருங்கிச் செறிந்து கருநிற வரம்புபோல் தோன்றும் பகுதியை முதலிற் பாருங்கள். விதைநெல் இருக்கும் இடம் அது.