அப்பாவின் மாவு மில்லும் இரண்டு பெல்ட்டுகளும்



கடந்த செவ்வாயன்று நம் சபையின் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, மில்லுக்குப் புது பெல்ட் போட்டிருக்கிறேன். ஓடத் தொடங்கியதிலிருந்து கீச்சுக்கீச்சென்று கத்துகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடட்டுமா?" என்று கேட்டார். தகப்பனாரின் மறைவுக்குப் பின் அந்த மாவு மில்லை அவரே நடத்திவருகிறார். போதகரிடம் கேட்கும் கேள்வியா இது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நானும் ஒரு மாவு மில்லுக்காரரின் மகன் என்பதை அவர் அறிவார். "தம்பி, நான் வரும்வரை ஸ்பேனரைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

நான் அவ்வளவு அவசரமாகப் போனதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அப்போது எனக்கு 19 வயது. டிசம்பர் மாதத்தில் அப்பா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். மில் என் பொறுப்பில் இருந்தது. 10 குதிரைத்திறன் மோட்டார், இரண்டு பி பெல்ட்டுகள். ஒரு நாள் அவற்றில் ஒன்று அறுந்தது. "ரெண்டையும் சேத்து மாத்துலே" என்று அப்பா படுக்கையிலிருந்தே சொல்லியனுப்பினார். பழைய பெல்ட் ஓடி ஓடி நீண்டிருக்கும். அதனருகே புதியதைப் போட்டால் பாரம் முழுவதும் புதியதின்மேல் விழும். அந்தச் சொல்லுக்கு மட்டும் கீழ்ப்படிந்தேன்.

மற்றதெல்லாம் என் அறிவு. மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை முன்னே நகர்த்தி, பெல்ட்டைக் கையால் மாட்டுவதே முறை. நானோ கடப்பாரையால் நெம்பிப் புல்லியின்மேல் ஏற்றினேன். பெல்ட்டின் பலம் மேலே தெரியும் ரப்பரில் இல்லை. உள்ளே நீளவாக்கில் ஓடும் நூல்களில் இருக்கிறது. நெம்பும்போது அவை அறுந்தாலும் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஓடவிட்டபோது பெல்ட் கீச்சிட்டது. இறுக்கினேன். மறுபடி கீச்சிட்டது. இரும்புக் கம்பிபோல் விறைத்து நிற்கும்வரை இறுக்கினேன். சத்தம் அடங்கியது. எனக்குள் பெருமிதம் எழுந்ததை மறைப்பானேன்?

ஆறாம் நாள், கிறிஸ்துமஸ் வாரத்தில், அதிரசத்துக்கும் முறுக்குக்கும் அரிசி கொண்டுவந்த பெண்கள் வாசல்வரை வரிசையில் நின்றபோது, மோட்டாரிலிருந்து கருகிய கிரீஸ் வாடை வந்தது. நான் சுவிட்சை நோக்கி ஓடுவதற்குள், புல்லிப் பக்கத்துப் பேரிங் இறுகிப் பிடித்து, மோட்டார் நின்று, உள்ளே காயிலும் எரிந்துபோயிற்று. ஊறவைத்த அரிசி, மறுநாள்வரை தாங்காது. அந்தப் பெண்கள் ஒன்றும் சொல்லாமல் பாத்திரங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு திரும்பிச் சென்ற காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. நோயோடு எழுந்துவந்த அப்பா, வண்டியில் மோட்டாரை ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோனார். என் இறையியல் படிப்புக்கென்று எடுத்துவைத்திருந்த பணம் காயில் கட்டுவதற்கே சரியாயிற்று. நான் ஓராண்டு தாமதமாகவே கல்லூரியில் சேர்ந்தேன்.

அப்பா ஏசவில்லை. பல நாள் கழித்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "பெல்ட்டு கத்துனா நமக்குக் கேக்கும்லே. பேரிங்கு சாகப்போற நேரந்தான் கத்தும்" என்றார். நான் சத்தத்தை நீக்கவில்லை. காதுக்கு எட்டாத இடத்துக்குத் துன்பத்தை மாற்றிவிட்டிருந்தேன். பந்துப் பேரிங்கின்மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது என்பதைப் பிற்பாடு ஒரு பொறியாளர் எனக்கு விளக்கினார்.

அதற்காகத் தளர்வாக விடுவதும் தகாது. தளர்ந்த பெல்ட் நழுவும், நழுவினால் சூடேறும், பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிப்பை இழக்கும். மிகுந்த பாரத்திலும் நழுவாதிருக்கப் போதுமான இறுக்கம், அதற்குமேல் வேண்டாம் என்பதே இத்தொழிலின் பழைய விதி. மோட்டாரைப் போட்ட கணத்தில் எழுந்து மறையும் சிறு கீச்சொலி சில இயந்திரங்களில் இயல்பானதே. ஓட்டத்திலும் தொடர்ந்தால்தான் காரணம் தேட வேண்டும். அக்காரணம் எப்போதும் தளர்வாகவே இருக்கும் என்றும் இல்லை.

அந்த மில்லில் அப்படித்தான் இருந்தது. இவ்வகைப் பெல்ட் புல்லிப் பள்ளத்தின் சரிவான இரு சுவர்களையும் ஆப்புபோல் பற்றியே இழுக்கிறது, அடியைத் தொடலாகாது. இங்கே மோட்டார் புல்லியின் சுவர்கள் தேய்ந்து குழிந்து, பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னியது. பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் அது பற்றப்போவதில்லை. என் 19 வயதிலும் காரணம் இதுதானோ என்று அங்கே நின்றபடி நினைத்துக்கொண்டேன். அன்று நான் குனிந்து பார்க்கவே இல்லை.

புதிய புல்லி வாங்கி வந்தோம். இரண்டு புல்லிகளின் முகங்களுக்கும் நூல் பிடித்து நேராக்கினோம். இடைவெளி 750 மில்லிமீட்டர். ஒவ்வொரு 100 மில்லிமீட்டருக்கும் 1.6 என்ற கணக்கில், நடுவில் இழுத்தால் பெல்ட் 12 மில்லிமீட்டர் விலக வேண்டும். அதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பது பெல்ட்டின் வகையையும் சிறிய புல்லியின் அளவையும் பொறுத்தது. கடைக்காரர் தந்த அட்டவணையில் இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். விரலுக்கு விரல் பலம் வேறு. ஆகையால் ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்து, அளவுகோல் வைத்துப் பார்த்தோம். அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்தோம். புது பெல்ட் பள்ளத்தில் படியப் படியத் தளரும். ஓரிரு நாளில் இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

வியாழன் மாலை ஜெபக்கூட்டத்துக்கு வரும் வழியில் அங்கே இறங்கினேன். தம்பி மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தராசோடு காத்திருந்தார். அதே விசைக்கு 12 இப்போது 15 ஆகியிருந்தது. சற்றே இறுக்கி, ஓடிப் பழகிய பெல்ட்டுக்கு அட்டவணை சொல்லும் அளவில் நிறுத்தினோம். கூட்டத்துக்கு நான் பத்து நிமிடம் தாமதமாக வந்ததும், என் வெள்ளைச் சட்டையின் கையில் கறுப்புக் கறை இருந்ததும் இதனால்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.