மைல் சேர்க்கும் பெண்கள்

சிக்காகோ நகரின் ஓஹெயார் விமான நிலையத்துக்குப் பழைய பெயர் 'ஓர்ச்சர்ட்', அதாவது பழத்தோட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்த ஒரு கடற்படை விமானியின் பெயரை 1949இல் அதற்குச் சூட்டினார்கள். ஆனாலும் பொதிகளில் ஒட்டும் துண்டில் இன்றைக்கும் பழத்தோட்டத்தின் எழுத்துக்களே இருக்கின்றன: ஓ.ஆர்.டி. பெயர் மாற்றினாலும் ஊர்ச்சனம் பழைய பெயரை விடாதது எங்கும் உள்ளதுதான்.

2018இல் மகளிடம் போயிருந்தபோது அந்த நிலையத்தில் ஒரு முழு நாள் கழித்தேன். முதலாம் முனையத்தில் நிலத்துக்குக் கீழே ஒரு நீண்ட பாதை உண்டு. தலைக்கு மேலே நிறநிறமாக ஒளிக்குழாய்கள் மாறிமாறி எரியும். 1987இல் அமைத்ததாம். மேலே வந்தால் நாலு மாடி உயரத்துக்கு ஒரு டைனோசர் எலும்புக்கூடு, உண்மையானதன் அச்சு வார்ப்பு. அதற்குப் பக்கத்துக் கதிரைகளில்தான் அந்தப் பெண்கள் கூடினார்கள்.

என் மகளின் அயல்வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரோடு ஒரு தாதி, ஒரு கணக்காளர், வீடுகள் துப்புரவு செய்யும் போலந்து நாட்டுப் பெண் ஒருவர். கொம்பியூட்டரில் எழுதிப் பழகி, பிறகு நேரில் சிநேகமானவர்கள். அங்கே வயது பார்க்காமல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. ஆசிரியையை 'ரீச்சர்' என்றேன். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று.

இவர்களை இணைத்தது விமான மைல்கள். 1981 மே முதலாந் திகதி அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனம், தன்னில் பறப்பவர்களுக்கு மைல் கணக்குப் போட்டு, சேர்ந்த பிறகு இலவசச் சீட்டுக் கொடுக்கத் தொடங்கியது. மற்றவையும் உடனே பின்தொடர்ந்தன. பிறகு கடனட்டைக்கு மைல், கடையில் சாமான் வாங்கினால் மைல் என்று பெருகிவிட்டது.

சகோதரிகளே, அவர்களின் பேச்சைக் கேட்க வேண்டும்! "உன் கணக்கு உயிரோடிருக்கிறதா?" என்று தாதி கேட்டார். யுனைட்டெட் நிறுவனத்தில் அப்போது 18 மாதம் கணக்கில் அசைவு இல்லாவிட்டால் மைல் எல்லாம் அழிந்துவிடும். (அந்த விதியை 2019இல் எடுத்துவிட்டார்கள்.) "அதற்காகத்தானே மூன்று டொலருக்குக் காலுறை வாங்கினேன்" என்றார் கணக்காளர். "உன் காலுறைகளை வைத்து ஒரு கடையே போடலாம்" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

புடிங் கதையையும் அங்கேதான் கேட்டேன். 1999இல் கலிபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியியலாளர், உணவுப் பொதி லேபல்களுக்கு மைல் தரும் அறிவித்தலைக் கண்டு, 25 சதத்துக்கு விற்ற புடிங் கிண்ணங்களை 12,000க்கு மேல் வாங்கினார். லேபல் உரித்து முடியவில்லை. இரட்சணிய சேனைக்குப் புடிங்கைக் கொடுத்தார். அவர்கள் உரித்துக் கொடுத்தார்கள். சுமார் 3,000 டொலர் செலவுக்கு 12 இலட்சத்துக்கு மேல் மைல்! இன்னொரு கூட்டம், அரசாங்க நாணயச்சாலை அனுப்புகூலி இல்லாமல் விற்ற ஒரு டொலர்க் குற்றிகளைக் கடனட்டையில் பெட்டிபெட்டியாக வாங்கி, அப்படியே வங்கியில் போட்டு அட்டைக் கடனைக் கட்டியது. மைல் மட்டும் மிச்சம். 2011இல் கடனட்டைக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள்.

மைல் சேர்க்கவென்றே ஒரு ஊருக்குப் பறந்து, விமான நிலையத்தில் ஒரு கோப்பி குடித்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்புவதும் உண்டு. 2015இல் யுனைட்டெட் நிறுவனம் தூரத்தை விட்டு, கொடுத்த காசுக்கே மைல் கணக்கிடத் தொடங்கிய பிறகு அது குறைந்துவிட்டது என்று ரீச்சர் கவலைப்பட்டார். எனக்கு அந்தக் கவலை ஏறவில்லை. பாஸ் எடுக்காமல் ஊரை விட்டு அசைய முடியாத காலத்தில் பிள்ளைகளை வளர்த்தவள் நான். சும்மா போய்ச் சும்மா வருவதற்கு விமானமா என்றிருந்தது. ஆனால் எங்கே மலிவு, எந்த நாளில் மலிவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட விதம் எனக்கு நல்ல பழக்கம். தடைக் காலத்தில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் எந்தக் கடைக்கு வந்தன என்ற செய்தி வேலிக்கு வேலி போகவில்லையா?

அன்று ரீச்சர் தன் மைலில் என்னை மினியாப்பொலிசுக்குக் கூட்டிப்போய் மாலையே திரும்பினார். ஒரு வழிக்குக் கட்டியது பாதுகாப்பு வரியான 5 டொலர் 60 சதம் மட்டும். ஜன்னலால் மிச்சிகன் வாவியைப் பார்த்தேன். கடல் என்றுதான் நினைக்கத் தோன்றும், மறுகரை தெரியாது.

இரண்டு கிழமை கழித்து ஒரு இரவு போலந்துப் பெண் ரீச்சர் வீட்டுக்கு வந்தார். கிராக்கோவில் அவருடைய தாய் கடுமையாகச் சுகமில்லாமல் இருந்தார். அவசரத்துக்கு வாங்கும் சீட்டின் விலை அவருடைய ஒரு மாத உழைப்பை விட அதிகம். கடனட்டையில் போடலாம், ஆனால் வட்டி? ரீச்சர் அதற்கு விடவில்லை. "வட்டி கட்டுபவருக்கு மைல் இலவசமில்லை" என்றார். மேசையில் கொம்பியூட்டரை விரித்து, தாதிக்குத் தொலைபேசி எடுத்தார்.

யுனைட்டெட் மைலில் அதன் கூட்டாளியான போலந்து விமானத்திலும் இடம் எடுக்கலாம். ஒருவரின் மைலில் இன்னொருவருக்குச் சீட்டு எடுக்கவும் தடையில்லை, விற்கத்தான் கூடாது. ரீச்சரிடம் இரு வழிக்கும் போதுமான மைல் இருக்கவில்லை. ஆகவே போகும் வழி ரீச்சரின் கணக்கில், திரும்பும் வழி தாதியின் கணக்கில். மைலுக்கு ஒதுக்கும் இடங்கள் சிலதான். தேடித் தேடி நள்ளிரவுக்குப் பிறகு வார்சோவுக்கு ஒன்று அகப்பட்டது. அங்கிருந்து கிராக்கோவுக்குப் புகையிரதம். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போலந்துப் பெண் இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தார்.

தாயோடு ஒன்பது நாள் இருந்தார். ஐந்து நாள் தாய் நினைவோடு பேசினாராம். அடக்கம் முடித்துத் திரும்பியவர் கசகசா வைத்த ஒரு கேக்கைக் கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். ரீச்சர் தன் கொப்பியைத் திறந்து எஞ்சிய மைலைக் கூட்டிப் பார்த்தார். பிறகு, இந்தக் கிழமை எந்தக் கடையில் இரட்டை மைல் என்று தாதியிடம் கேட்டார். "காலுறைதான்" என்று பதில் வந்தது. போலந்துப் பெண் முதலில் சிரித்தார்.